வாட்டர் ரெசிஸ்டண்ட்: ஒரு வாக்குறுதியின் வரலாறு

என் தாத்தா பால்மரம் வெட்டப் போகும்போது கைக்கடிகாரத்தைக் கையில் கட்டமாட்டார். கடையில் காப்பி புங்குஸ் கட்டிக் கொடுக்கும் பிளாஸ்டிக் பை ஒன்றைக் கழுவிக் காயவைத்திருப்பார். வாட்சை அதற்குள் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கி, ரப்பர் பேண்டால் இரண்டு சுற்றுச் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். நிரையில் பாதி மரம் வெட்டி முடித்ததும் வெளியே எடுத்து, பையோடு சேர்த்தே மணி பார்ப்பார். பை பழுத்து மங்கலாகிவிட்டால் அடுத்த காப்பிக்குக் காத்திருப்பார்.

அது 1978இல் சுங்கை பட்டாணியில் தீபாவளி முன்பணத்தில் வாங்கிய ஜப்பானிய வாட்ச். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை, ஏனென்றால் இந்தக் கதையில் தவறு அதன் மேல் இல்லை. பின்மூடியில் ஆங்கிலத்தில் ‘வாட்டர் ரெசிஸ்டண்ட்’ என்று பொறித்திருக்கும். எங்கள் வீட்டில் அதை முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான்தான். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன்.

“தாத்தா, இது தண்ணி போகாத வாட்ச். பின்னால எழுதியிருக்கு பாருங்க. எதுக்கு இந்தப் பை?”

“எழுதுனவனா வந்து மழையில நிக்கப் போறான்?” என்றார்.

2011இல் படிவம் மூன்று தேர்வு முடிந்த விடுமுறையில், அந்த வாட்சைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு நண்பர்களுடன் ஜெராய் மலையடியில் இருக்கும் தூபா நீர்வீழ்ச்சிக்குப் போனேன். நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடந்தோம். திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து மணி பார்த்தபோது கண்ணாடிக்கு உள்ளே பனி படர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பனி சொட்டாகிவிட்டது. பாட்டி அதை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தார். மூன்றாம் நாள் எடுத்தபோது அரிசி நன்றாகத்தான் இருந்தது, நொடிமுள்தான் நகரவில்லை. அப்பா அடிக்க வந்தார். தாத்தா ஒன்றும் சொல்லாமல் வாட்சை வாங்கி, பழையபடி பையில் போட்டு, ரப்பர் பேண்டைச் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டார். 2015இல் இறக்கும்வரை அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை.

நான் இப்போது கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளன். ஒரு பொருளுக்குள் தண்ணீர் போகுமா போகாதா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் அந்த இரண்டு ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து வந்தன, அவை உண்மையில் எதை வாக்களித்தன என்று தேடிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

காலத்துக்கும் தண்ணீருக்கும் இருந்த உறவு ஆரம்பத்தில் பகையே அல்ல. அடியில் சிறு துளையிட்ட கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து மூழ்கும் நேரத்தை ஒரு நாழிகை என்று கணக்கிட்டார்கள். நம் கணக்கில் 24 நிமிடம். முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனுக்குப் பொழுது சொல்லும் நாழிகைக் கணக்கர்கள் நீர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். தண்ணீர் உள்ளே வந்தால்தான் அந்தக் கடிகாரம் ஓடும். பல்சக்கரங்களும் எஃகுச் சுருளும் வந்த பிறகு நிலைமை தலைகீழானது. ஒரு சொட்டுப் போதும், எஃகு துருப்பிடிக்கும், எண்ணெய் கெட்டுப்போகும்.

சட்டைப் பைக்குள் இருந்த கடிகாரத்துக்கு இந்தக் கவலை குறைவு. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகள்தான் கடிகாரத்தை ஆண்களின் மணிக்கட்டுக்குக் கொண்டுவந்தன. அங்கே அதற்குச் சேறும் மழையும் வியர்வையும் காத்திருந்தன. உறையைத் திருகி மூடும் முயற்சிகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கியிருந்தாலும், உண்மையான தலைவலி வேறிடத்தில் இருந்தது. கண்ணாடியை இறுக்கலாம், பின்மூடியைத் திருகலாம். சாவி கொடுக்கும் குமிழை என்ன செய்வது? அதன் தண்டு உறையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகவேண்டும், தினமும் சுழலவும் வேண்டும். ஓட்டையும் வேண்டும், ஓட்டை வழியே தண்ணீரும் வரக்கூடாது என்றால் எப்படி?

1925இல் பெரகோ, பெரே என்ற இரு சுவிஸ்காரர்கள், குமிழையே உறைமேல் திருகி மூடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். ரோலெக்ஸ் நிறுவனர் ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃப் அந்த உரிமையை வாங்கி, 1926இல் ‘ஆய்ஸ்டர்’, அதாவது சிப்பி என்ற பெயரில் கடிகாரத்தை வெளியிட்டார். பொருள் தயார். ஆனால் நம்புவதற்கு ஆள் வேண்டுமே.

இங்கேதான் மெர்சிடிஸ் கிளைட்ஸ் வருகிறார். லண்டனில் தட்டெழுத்துப் பணி செய்துகொண்டிருந்த இளம்பெண். 1927 அக்டோபர் 7 அன்று ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். சில நாள்களில் இன்னொரு பெண், தான் அதைவிடக் குறைந்த நேரத்தில் கடந்ததாக அறிவித்து, பிறகு அது பொய் என்று ஒப்புக்கொண்டார். அந்தப் பொய்யின் கறை கிளைட்ஸ் மேலும் படிந்தது. இவர் நீந்தியது மட்டும் உண்மையா என்று கேட்டார்கள். அதே அக்டோபர் 21 அன்று, முன்பைவிடக் குளிர்ந்த நீரில், சாட்சிகள் சூழ மறுபடியும் இறங்கினார். வில்ஸ்டோர்ஃப் கொடுத்த சிப்பிக் கடிகாரம் ரிப்பனில் அவர் கழுத்தில் தொங்கியது. கையில் அல்ல, கழுத்தில். பத்து மணி நேரத்துக்கு மேல் போராடிய பிறகு, குளிரில் நினைவு தடுமாறிய நிலையில் அவரைப் படகில் தூக்கிப்போட்டார்கள். கரை சேரவில்லை. ஆனாலும் அந்த உறுதியைப் பார்த்தவர்கள் முதல் நீச்சலைச் சந்தேகிக்கவில்லை.

நவம்பர் 24 அன்று ‘டெய்லி மெயில்’ நாளிதழின் முதல் பக்கத்தையே வில்ஸ்டோர்ஃப் விலைக்கு வாங்கி, தண்ணீரை வென்ற கடிகாரத்தை அறிவித்தார். பெண் வென்றாளா என்பது விளம்பரத்துக்கு முக்கியமில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, அது போதும். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, தோற்றுப்போன ஒரு நீச்சல் வெற்றியாக விற்கப்பட்ட அந்த நேர்த்திதான். அன்றிலிருந்து நீர் புகாமை என்பது கடலோடும் ஆழத்தோடும் வீரத்தோடும் சேர்ந்தே பேசப்படுகிறது. மழை, வியர்வை, சமையலறை நீராவி எதுவும் விளம்பரத்தில் வரவில்லை.

அடுத்த முப்பது ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். 1932இல் ஒமேகா, உறைக்குள் உறை வைத்து ‘மரீன்’ என்ற கடிகாரம் செய்தது. 1936இல் அதை ஜெனீவா ஏரியில் 73 மீட்டர் ஆழத்துக்கு இறக்கிப் பார்த்தார்கள். மிடோ நிறுவனம் குமிழின் தண்டைச் சுற்றித் தக்கை அடைப்பு வைத்தது. சாராயப் போத்தலைக் காக்கும் அதே தக்கை. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் பிரிட்டிஷ் அரசு ஒமேகா, லாஞ்சின்ஸ், சைமா உட்பட 12 நிறுவனங்களிடம் ராணுவக் கடிகாரம் வாங்கியது. பின்மூடியில் மூன்று டபிள்யூ எழுத்துகள்: வாட்ச், ரிஸ்ட்லெட், வாட்டர்புரூஃப். 1953இல் பிளாங்பெய்ன் நிறுவனத்தின் முக்குளிப்புக் கடிகாரமும், அதையொட்டி ரோலெக்ஸின் ‘சப்மரைன’ரும் வந்தன. ஜப்பானின் சைக்கோ 1965இல் 150 மீட்டருக்கான கடிகாரத்தைக் கொண்டுவந்தது.

ஆனால் நம் வீடுகளுக்கு வந்தது முக்குளிப்பவர்களின் கடிகாரம் அல்ல. 1963இல் சைக்கோ, ‘ஃபைவ்’ என்ற வரிசையைத் தொடங்கியது. பெயரிலுள்ள ஐந்து அதன் ஐந்து பண்புகள். தானே சாவி ஏறும், கிழமையும் தேதியும் ஒரே சாளரத்தில், தண்ணீரைத் தாங்கும், குமிழ் நான்கு மணி இடத்தில் உள்ளொடுங்கி இருக்கும், உறை உறுதியானது. ஒரு சாதாரணத் தொழிலாளி வாங்கக்கூடிய பொருளில் நீர்த்தடுப்பும் ஒரு பண்பாக எண்ணப்பட்டதைத்தான் நான் உண்மையான திருப்பமாக நினைக்கிறேன். தானே சாவி ஏறுவதும் நீரோடு சம்பந்தப்பட்டதுதான். தினமும் குமிழைத் திருகினால் அதன் அடைப்பு தினமும் தேயும். தொடாத குமிழ் நீண்ட நாள் காக்கும். இந்தியாவில் இதே காலத்தில் பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து கடிகாரம் செய்யத் தொடங்கியிருந்தது. அங்கே புகழ்பெற்ற ‘ஜனதா’ தினமும் கையால் சாவி கொடுக்க வேண்டிய வகை. ஊருக்குப் போகும் மலேசியத் தமிழர்களின் பெட்டியில் ஜப்பானிய வாட்சுக்கு ஏன் அவ்வளவு எதிர்பார்ப்பு இருந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

தாத்தாவின் வாட்சும் தானே சாவி ஏறும் வகைதான். குமிழை அவர் தொட்டது தேதி மாற்ற. பிறகு ஒரு முறை, நாடே சேர்ந்து தொட்டபோது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி நேரம் முன்னால் தள்ளப்பட்டன. சபா, சரவாக்கோடு நேரத்தை ஒன்றாக்குவதற்காக. அலோர் ஸ்டாரில் பிறந்த மகாதீர் பிரதமராகி அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. நகரத்தில் இருந்தவர்களுக்கு அது ஒரு செய்தி. தோட்டத்தில் அது அரைமணி நேர இருட்டு. பெரட்டுக்கு அதே மணி அடித்தது, ஆனால் பழைய கணக்கில் அரைமணி முன்னதாகவே. “சூரியன் நம்ம வாட்ச்ச கேக்கல” என்று தாத்தா சொன்னதாக அப்பா சொல்வார்.

இருட்டில் வெட்டுவதற்குக் காரணம் கிராணியின் கண்டிப்பு மட்டுமில்லை. பால்மரத்தின் பட்டைக்குள் பால் ஓடும் குழல்களில் விடியுமுன்தான் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை வெளிவிடத் தொடங்கியதும் அது குறையும், பால் ஒழுகுவதும் குறையும். 1960களில் மலாயா ரப்பர் ஆய்வுக் கழகத்தில் அதை அளந்து பார்த்தபோது, விடியற்காலையில் 8 முதல் 15 வளிமண்டல அழுத்தம் வரை இருந்தது. சுமார் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டலம் கூடும், அப்படியானால் நூறு மீட்டர் ஆழத்தின் அழுத்தம். ‘100 மீ.’ என்று பொறித்த கடிகாரம் தாங்குவதாகச் சொல்லும் அதே அழுத்தத்தைத் தாத்தா ஒவ்வொரு நாளும் இருட்டில் ஐந்நூறு மரங்களில் கீறித் திறந்துகொண்டிருந்தார். இதைப் படித்த அன்று எனக்குச் சற்று நேரம் வேலை ஓடவில்லை.

சரி, அந்த எண்ணுக்கு வருவோம். முப்பது மீட்டர், ஐம்பது மீட்டர் என்பதெல்லாம் என்ன?

முதலில் சொல் மாறியது. ‘வாட்டர்புரூஃப்’ என்றால் தண்ணீர் போகவே போகாது என்று பொருள். எந்தக் கடிகாரத்துக்கும் எக்காலத்துக்கும் அப்படிச் சொல்ல முடியாது என்பதால் 1960களில் அமெரிக்க வணிக ஆணையம் அந்தச் சொல்லைக் கடிகாரங்களில் பயன்படுத்த விடவில்லை. ‘வாட்டர் ரெசிஸ்டண்ட்’ வந்தது. தமிழில் சொன்னால் ‘நீர் புகாது’ என்பது போய் ‘நீரை எதிர்த்து நிற்கும்’ என்றானது. எதிர்த்து நிற்பவன் ஒருநாள் தளரலாம். சட்டம் அந்த இடைவெளியை அறிந்துதான் மாற்றியது. வாங்கியவர்கள் இரண்டையும் ஒன்றாகத்தான் படித்தார்கள். நானும்தான்.

பிறகு பன்னாட்டுத் தரங்கள் வந்தன. முக்குளிப்புக் கடிகாரத்துக்கு 1982இல் ஐ.எஸ்.ஓ. 6425. சாதாரணக் கடிகாரத்துக்கு 1990இல் ஐ.எஸ்.ஓ. 2281, அதை 2010இல் மாற்றி ஐ.எஸ்.ஓ. 22810. இரண்டுக்கும் நடுவே உள்ள முக்கிய வேறுபாடு ஆழம் அல்ல. முக்குளிப்பு வகையில் ஒவ்வொரு கடிகாரத்தையும் சோதிக்க வேண்டும், அதுவும் பொறித்த எண்ணைவிட 25 விழுக்காடு கூடுதலான அழுத்தத்தில். சாதாரண வகையில் ஒரு தொகுதிக்குச் சிலவற்றை மட்டும் எடுத்துச் சோதித்தால் போதும். எங்கள் தொழிற்சாலையிலும் அப்படித்தான். பெட்டி பெட்டியாகப் போகும் கையுறைகளில் கொஞ்சத்தை உருவி, தலைகீழாகத் தொங்கவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, இரண்டு நிமிடம் பார்ப்போம். ஒழுகியவற்றின் எண்ணிக்கை வரம்புக்குள் இருந்தால் தொகுதி முழுவதும் தேறியது. நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒரு கையுறையை யாரும் சோதிக்கவில்லை. இது ஏமாற்று இல்லை, சோதித்த கையுறையை விற்க முடியாதே. ஆனால் ‘இந்த வகை தாங்கும்’ என்பதும் ‘இது தாங்கும்’ என்பதும் ஒரே வாக்கியம் அல்ல.

முப்பது மீட்டர் என்று போட்டிருந்தால் கை கழுவலாம், நீந்தக்கூடாது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். நீந்தும்போது கையை வீசுவதால் அழுத்தம் பலமடங்கு எகிறும் என்பது அவர்கள் தரும் விளக்கம். கணக்குப் போட்டால் அது நிற்காது. நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் கையை வீசினால் கூடும் அழுத்தம் வெறும் இருபது சென்டிமீட்டர் தண்ணீருக்குச் சமம். ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் தூபா அருவியின் நீர் அரை வளிமண்டலம், அதாவது ஐந்து மீட்டர் ஆழம். நேராக மோதும் கணநேர அடி இதைவிடக் கூடலாம் என்றாலும், புதிய கடிகாரம் இதற்கெல்லாம் அசையக்கூடாது. கடைக்காரரின் எச்சரிக்கை சரி, காரணம்தான் தவறு. உண்மையான காரணம் வயது.

கண்ணாடி, பின்மூடி, குமிழ் ஆகிய மூன்று வாசல்களையும் காப்பது ரப்பர் வளையம். வட்டமான அந்த ஓ-வளையத்துக்கு 1937இல் காப்புரிமை கேட்டவர் நீல்ஸ் கிறிஸ்டென்சன், டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். 1939இல் உரிமை கிடைத்தது. போர் வந்ததும் அமெரிக்க அரசு ஒரு தொகை கொடுத்து அதை வாங்கி எல்லா நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது. அந்த வளையத்தின் அழகு, அழுத்தமே அதற்கு உதவி செய்கிறது என்பதில் இருக்கிறது. பள்ளத்தில் சற்று நசுங்கி உட்கார்ந்திருக்கும் வளையத்தைத் தண்ணீர் தள்ளும்போது, அது எதிர்ச்சுவரில் போய் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஆழம் கூடக் கூட இறுக்கம் கூடும்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். தள்ளுவதற்கு அழுத்தம் இல்லாத இடத்தில், வளையம் தன் சொந்த மீள்சக்தியில் மட்டும்தான் நிற்கவேண்டும். கிழடு தட்டி, சப்பையாகி, மீள்சக்தி இழந்த வளையத்தின் ஓரமாக வியர்வையும் தூறலும் மெல்ல ஊறிப் போகும். அதனால்தான் ஐ.எஸ்.ஓ. 22810இல் கடிகாரத்தைப் பத்து சென்டிமீட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரம் சும்மா கிடத்தும் சோதனையும் இருக்கிறது. முக்குளிப்புத் தரத்திலும் உயர் அழுத்தத்துக்குப் பிறகு 0.3 பாருக்குக் குறைத்து ஒரு மணி நேரம் வைக்கிறார்கள். ஆழத்தைவிட ஆழமின்மை சில சமயம் கடினமான தேர்வு. கெடாவின் வடிகட்டாத மழையில், வியர்வை ஊறும் மணிக்கட்டில், நாற்பது ஆண்டுகள் கிடப்பதற்கு எந்த ஏரியிலும் சோதனை இல்லை.

இந்த வளையம் எதனால் ஆனது என்பதுதான் பீடோங்காரனான எனக்குக் கசப்பும் சிரிப்புமான இடம். பால்மரக் காட்டுக்குள் வேலை செய்தவரின் கடிகாரத்தைக் காக்கும் ரப்பர் பால்மரத்திலிருந்து வந்ததல்ல. இயற்கை ரப்பர் மீள்வதில் மன்னன், ஆனால் எண்ணெய் பட்டால் ஊதும், காற்றிலுள்ள ஓசோன் பட்டால் வெடிக்கும். கடிகாரத்துக்குள் எண்ணெய் இருக்கிறது, தோலிலும் எண்ணெய் இருக்கிறது. 1930களில் ஜெர்மனியில் உருவான நைட்ரைல் ரப்பர் எண்ணெயைத் தாங்கும். அதுதான் கேஸ்கெட்டுகளின் முதன்மைப் பொருளானது.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை ஜித்ராவிலும், பீடோங்குக்கு வடக்கே குருனிலும் பிரிட்டிஷ் அணிகளை உடைத்துக்கொண்டு இறங்கியது. மலாயாவும் அதன் அண்டை நாடுகளும் வீழ்ந்ததில் அமெரிக்கா தன் இயற்கை ரப்பரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை இழந்தது. அந்த இழப்பிலிருந்துதான் அங்கே செயற்கை ரப்பர் பெருந்தொழிலானது. இங்கே தோட்டத்து ஆண்கள் சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டு, ஏராளமானோர் திரும்பவில்லை. போர் முடிந்து மரங்களுக்குத் திரும்பியவர்கள், தங்கள் பாலுக்கு ஒரு போட்டியாளன் பிறந்துவிட்ட உலகில் மீண்டும் வாளியைத் தூக்கினார்கள். இன்று நான் சோதிக்கும் கையுறைகளில் பெரும்பகுதி நைட்ரைல்தான். தாத்தா வெட்டிய நிரைகளில் இப்போது செம்பனை நிற்கிறது, ஒரு ஓரத்தில் தாமான் வந்துவிட்டது.

நைட்ரைலும் நிரந்தரமில்லை. நசுங்கியபடியே கிடந்தால் அந்த வடிவத்துக்கே பழகிவிடும். வெப்பம் அதை விரைவுபடுத்தும், சோப்பும் வாசனைத் திரவியமும் உதவி செய்யும். ஆகவே பேட்டரி மாற்றப் பின்மூடியைத் திறக்கும்போதெல்லாம் கேஸ்கெட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். தானே சாவி ஏறும் வகையானால் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. வளையத்துக்கு மெலிதாக சிலிக்கோன் பசை பூசி, அழுத்தச் சோதனை செய்து தரக் கேளுங்கள். தண்ணீருக்குள் குமிழை இழுக்காதீர்கள். சுடுநீர்க் குளியலுக்குக் கழற்றி வையுங்கள், சூட்டில் உலோகமும் ரப்பரும் ஒரே அளவில் விரிவதில்லை. கடலில் குளித்தால் நல்ல தண்ணீரில் அலசுங்கள். உள்ளே பனி படிந்தால் அரிசியை நம்பாதீர்கள். நம்மூர்க் காற்றின் ஈரத்தால்தான் பனி என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். முப்பது பாகை வெப்பத்தில் எவ்வளவு புழுக்கமான காற்றானாலும், கடிகாரத்துக்குள் இருக்கும் ஒரு கன சென்டிமீட்டர் இடத்தில் அது சுமக்கும் நீர் ஒரு சொட்டில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். கண்ணாடிக்குள் சொட்டாக நிற்பது காற்றோடு வந்ததல்ல, வாசல் திறந்து வந்தது. அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோக வேண்டும். நான் கொண்டுபோனது பன்னிரண்டு ஆண்டு கழித்து.

பீடோங் கடைத்தெருவில் ஒரு சீனப் பெரியவர் வாட்ச் பழுதுபார்க்கிறார். தட்டச்சு மேசை அளவுள்ள கடை. பையைப் பிரித்து நீட்டினேன். ரப்பர் பேண்ட் கையில் எடுத்ததும் பொடிந்தது. அவர் ஒற்றைக்கண் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திருகித் திறந்தார். உள்ளே பழுப்புத் துரு. ஓரத்துப் பள்ளத்திலிருந்து ஊசியால் எதையோ கிளப்பினார். வளையம் என்று சொல்ல முடியாத, நூல்போல் தட்டையான ஒரு கறுப்புத் துணுக்கு. தொட்டதும் மூன்றாக உடைந்தது.

“இனி கெத்தா சுடா மாத்தி, தம்பி.”

இந்த ரப்பர் செத்துவிட்டது. மலாயில் மரத்திலிருந்து ஒழுகும் பாலுக்கும் கெத்தாதான், அந்தத் துணுக்குக்கும் கெத்தாதான்.

எப்போது செத்திருக்கும் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். நீ பிறப்பதற்கு முன்னாலேயே இருக்கலாம் என்பதுபோல் மலாயில் ஏதோ சொல்லிச் சிரித்தார். அப்படியானால் நான் தூபாவுக்குக் கட்டிக்கொண்டு போனபோது அந்தக் கடிகாரத்தின் பின்னால் இருந்தது வெறும் எழுத்து. அத்தனை ஆண்டுகள் அதைக் காத்தது காப்பிக்கடைப் பை. பழுதுபார்க்க இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார். வேறொரு பழைய வாட்சிலிருந்து பாகங்கள் மாற்றினார். மூன்று இடத்திலும் புது கேஸ்கெட். கொடுப்பதற்கு முன் மேசை விளக்கின் அடியில் வாட்சைச் சூடேற வைத்து, கண்ணாடிமேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துவிட்டு உள்ளே பனி படர்கிறதா என்று பார்த்தார். ஐ.எஸ்.ஓ. 22810 சொல்லும் பனிப்படிவுச் சோதனை கிட்டத்தட்ட இதேதான், நாற்பது முதல் நாற்பத்தைந்து பாகை என்று அளவு மட்டும் எழுதியிருக்கும். அவர் அதைப் படித்தவரில்லை. ஐம்பது வருடமாக இப்படித்தான் பார்க்கிறாராம்.

“பிறகு இதைக் கட்டிக்கொண்டு குளிக்காதே” என்றார். குளிக்கவில்லை.

முகப்பில் ஆறு மணிக்குப் பக்கத்தில் ஒரு துருக்கறை இருக்கிறது. மாற்றித் தரவா என்று கேட்டார், வேண்டாம் என்றுவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் வேலைக்குக் கட்டிக்கொண்டு போகிறேன். தண்ணீர்ச் சோதனை அறைக்குள் நுழைவதற்கு முன் கழற்றி, ஒரு நைட்ரைல் கையுறைக்குள் போட்டு, மணிக்கட்டுப் பக்கத்தை முறுக்கி முடிச்சுப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன்.